முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கட்டில்

திருச்சியிலிருந்து காரைக்குடிக்குப் போகும் ரயில் கீரனூரைத் தாண்டுவதற்குள் அண்ணன் மகள் தன் கைப்பேசியில் மூன்று சோபாக்களைக் காட்டிவிட்டாள். மூன்றும் ‘எல்’ வடிவம். அவளுக்கு மிகவும் பிடித்த சாம்பல் நிறச் சோபா 58,000 ரூபாய். “மாசம் அஞ்சாயிரத்துக்கும் கம்மிதான் அத்தை, வட்டியே கிடையாது” என்றாள்.

அவளும் மாப்பிள்ளையும் திருச்சியில் 45 லட்சத்துக்கு இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறார்கள். பெரும்பகுதி இருபது வருடக் கடன். பத்திரச் செலவும் பால் காய்ச்சிய செலவும் போக, வீட்டுச் சாமான்களுக்கென்று இருவரும் சேர்த்து வைத்திருந்தது 2,50,000. நோட்டில் எழுதி வைத்திருந்த பட்டியலைக் கூட்டினால் 4,30,000 வந்தது. மிச்சத்தைத் தவணையில் சமாளித்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம்.

எதிர் இருக்கையில் ஆசாரி உட்கார்ந்திருந்தார். எங்கள் குடும்பத்துக்குப் பல வருடங்களாக மரவேலை செய்கிறவர். அவருடைய ஒருநாள் கூலியையும் ரயில் கட்டணத்தையும் பட்டியலின் முதல் வரியில் எழுதச் சொல்லியிருந்தேன். பழைய மரம் வாங்கப் புறப்படுகிறவர்கள் இந்தச் செலவுக்குத் தயங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கண்ணுக்கு அழகாகத் தெரிவதை நாம் பார்ப்போம். அடியில் உளுத்திருப்பதை அவர் பார்ப்பார்.

வட்டியில்லாத் தவணை பற்றி மாப்பிள்ளையிடம் ஒன்று சொன்னேன். அப்படி ஒன்று உண்மையில் இல்லை என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பி வங்கிகளைக் கண்டித்தது. இன்று ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்று வருவதிலும் வட்டி உள்ளே இருக்கத்தான் செய்கிறது. அதற்கு ஈடான தொகையை விற்பவர் தள்ளுபடி என்று காட்டிக் கழிக்கிறார். முழுப் பணத்தையும் ஒரே தடவையாகக் கொடுப்பவருக்குக் கிடைக்கக்கூடிய சலுகை தவணைக்காரருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கிரெடிட் கார்டு வழியாகப் போனால் அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் பரிசீலனைக் கட்டணமும் தனியாக வரும். மாப்பிள்ளை ரயிலிலிருந்தே கடைக்குப் போன் போட்டு, மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டார். 53,500 என்றார்கள். அவர் ஒன்றும் பேசாமல் நோட்டில் 4,500 என்று எழுதிக் கோடு போட்டார்.

ஆனால் அந்தச் சோபாவில் எனக்கு உறுத்தியது விலையோ தவணையோ அல்ல. அவர்களுடைய வீட்டில் உண்மையில் புழங்கக் கிடைப்பது 680 சதுர அடி. சுவரையும் மாடிப்படியில் நம் பங்கையும் சேர்த்துத்தான் பத்திரத்தில் பெரிய எண் வருகிறது. 45 லட்சத்தை 680-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 6,600 ரூபாய் சொச்சம். அந்த ‘எல்’ சோபா அடைக்கும் இடம் ஏறத்தாழ 33 சதுர அடி. அதாவது 58,000 ரூபாய்ச் சாமான் ஏறத்தாழ 2,18,000 ரூபாய்த் தரையின் மேல் உட்காரப் போகிறது. அந்தத் தரைக்கு இருபது வருடம் வட்டி கட்டப் போகிறார்கள். வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர்கள் விலைச் சீட்டைப் பார்க்கிறார்கள். தரையின் விலையை யாரும் அதில் கூட்டுவதில்லை. கூட்டிப் பார்த்தால் பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

தைலமரத் தோப்புகளும் வறண்ட கண்மாய்களும் பின்னால் போயின. திருமயம், செட்டிநாடு, கோட்டையூர் என்று பெயர்ப் பலகைகள் வந்து போக, காரைக்குடியில் இறங்கினோம்.

முனீஸ்வரன் கோயில் தெரு அகலமானதல்ல. ஆனால் இரண்டு பக்கமும் உள்ள பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்தால் ஒரு நூற்றாண்டுக் குடும்ப வாழ்க்கை அடுக்கடுக்காக நிற்கிறது. கல்லாப்பெட்டிகள், ஊஞ்சல் பலகைகள், தொட்டில்கள், பித்தளைப் பூட்டுகள், எனாமல் தூக்குகள், பெரிய பெரிய ஊறுகாய் ஜாடிகள், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பூச்சுப் பாத்திரங்கள், நிறம் மங்கிய நிலைக்கண்ணாடிகள். செட்டிநாட்டு நகரத்தார் பெண்களுக்குத் திருமணத்தில் கொடுத்த சீர் இதில் பெரும்பங்கு. ஒவ்வொரு சாமானையும் எழுதி வைத்த பட்டியலோடு போன சீர் அது.

இவையெல்லாம் தெருவுக்கு வந்த கதை எளிதானதல்ல. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போனவர்கள் ஈட்டிய பணத்தில் எழுந்தவை இந்தப் பக்கத்து வீடுகள். 1930-களின் பொருளாதார மந்தம், 1942-இல் பர்மாவைப் பிடித்த ஜப்பானியப் படை, சுதந்திரத்துக்குப் பின் பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது என்று அடி மேல் அடி விழுந்தது. வீடு மட்டும் நின்றது. பேரன், கொள்ளுப்பேரன் என்று பங்குதாரர்கள் பெருகப் பெருக, ஓட்டை மாற்றவும் சுண்ணாம்பு அடிக்கவும் ஒருமித்த முடிவு எடுக்க முடியாமல் போனது. ஒருகாலத்தில் 96 ஊர்களாக இருந்த செட்டிநாடு இன்று எழுபது சொச்சம் ஊர்கள். இந்த ஊர்களின் தொகுப்பு 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. அப்படியிருந்தும் வீடுகள் இடிபடுகின்றன. இங்கே சாய்த்து வைத்திருக்கும் தூண்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்தது. கட்டிலும் பெட்டியும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகலாம். தூண் வெளியே வந்தால் அந்த வீடு போய்விட்டது என்று பொருள். தூண் வாங்கி வரவேற்பறையில் அலங்காரமாக நிறுத்துகிறவர்களை நான் அறிவேன். அதை என் மனம் ஏற்பதில்லை. அண்ணன் மகளிடமும் அதைச் சொன்னேன். அவளும் சரி என்றாள்.

அவர்கள் தேடி வந்தது கட்டில். இரண்டாவது கடையில் ஒன்று அகப்பட்டது. கருந்தேன் நிறம், கடைந்தெடுத்த கால்கள், தலைமாட்டில் கொஞ்சம் பூவேலை. “ஒரிஜினல் பர்மா தேக்கும்மா, நூறு வருஷம் இருக்கும்” என்றார் கடைக்காரர். ஆசாரி கட்டிலின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. மண்டியிட்டு அடியில் போனார். பின்பக்கச் சட்டத்தில் நகத்தால் கீறினார். பிறகு கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உளியால் ஒரு செதிள் எடுத்து முகர்ந்தார். எண்ணெய் வாசம் வந்தது என்று தலையாட்டினார். எடை, ரேகை, வைரம் பாய்ந்த நிறம் எல்லாம் சரி. ஆனால் பின்சட்டத்தில் இருந்த திருகாணியைத் தொட்டுக் காட்டி, “அண்ணே, இது ஸ்டார் ஸ்குரூ. இந்தச் சட்டம் பின்னாடி மாத்தினது. கால் பழசு, இது வேற மரம்” என்றார். நட்சத்திரத் தலை கொண்ட திருகாணி சந்தைக்கு வந்ததே 1930-களில்தான். நூறு வயதுக் கட்டிலில் அது முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வழியில்லை. கடைக்காரர் மறுக்கவில்லை. “சட்டம் மட்டும் மாத்தினதுதான்” என்று நேர்மையாகவே ஒப்புக்கொண்டார்.

ஆசாரி எங்களைத் தள்ளி அழைத்துப் போய்ச் சில அடையாளங்களைச் சொல்லிக் கொடுத்தார். புதுமரத்துக்குச் சாயம் ஏற்றிப் பழசாக்கியிருந்தால் நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். உண்மையில் பழையது கை படும் இடத்தில் மழமழவென்றும், கை படாத அடிப்பக்கத்தில் சொரசொரவென்றும் இருக்கும். இழுப்பறை இருந்தால் வெளியே உருவிப் பார்க்க வேண்டும். பலகைகளை ஆணி இல்லாமல் பல்வெட்டிக் கோத்திருக்கிறார்களா என்று மூலையைப் பார்க்க வேண்டும். மரத்திலுள்ள துளைக்குக் கீழே மஞ்சள் தூள் உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது, வீட்டிலுள்ள மற்ற மரத்துக்கும் போய்விடும். புதிதாக அறுத்த பர்மா தேக்கு என்று யாராவது குறைந்த விலைக்குத் தந்தால் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கேள்வி கேட்க வேண்டும் என்றும் சொன்னார். அதற்குக் காரணம் உண்டு. மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வெட்டிய கட்டையாக மரத்தை ஏற்றுமதி செய்வதையே தடை செய்துவிட்டது.

26,000 என்று ஆரம்பித்த கட்டில், மாற்றிய சட்டத்தைச் சொல்லி 21,000-க்கு வந்தது. இங்கேயே மகிழ்ந்துவிடக் கூடாது என்று நோட்டைத் திறந்தோம். பழுது பார்த்துப் பாலிஷ் போட 4,500. திருச்சிக்குச் சின்ன யானை வண்டி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி சேர்த்து 3,800. மூன்றாவது செலவை மாப்பிள்ளைதான் கண்டுபிடித்தார். டேப் வைத்து அளந்தவர், “அத்தை, இது நாலரை அடி அகலம். கடையில ரெடிமேட் மெத்தை இந்த அளவுல கிடைக்காதே” என்றார். மெத்தை அளவு கொடுத்துச் செய்ய வேண்டும். போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சு வாங்கித் திருச்சியில் தைத்துக்கொள்ள 9,500 ஆகும் என்று விசாரித்துச் சொன்னார்கள். ஆக 21,000 ரூபாய்க் கட்டில் உண்மையில் 38,800.

அப்படியும் அதை வாங்கச் சொன்னேன். ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு உடம்பு கிடக்கும் இடம் அது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் பளபளப்பாக ஒரு கட்டில் 20,000 ரூபாய்க்குக் கிடைக்கும்தான். தண்ணீர் பட்டால் அந்தப் பலகை ஊதிவிடும். ஒருமுறை கழற்றி வேறு வீட்டில் மாட்டினால் திருகாணி பிடிக்காது. இந்தத் தேக்குக் கட்டிலோ கழுந்தும் துளையுமாகக் கோத்தது. நான்கு கால், நான்கு சட்டம், தலைமாடு என்று பிரித்து லிப்டில் ஏற்றலாம். அவர்கள் பிள்ளைகளுக்குத் தேவைப்படாவிட்டால்கூட இதே தெருவுக்குத் திரும்பி வந்து நல்ல விலைக்குப் போகும். வாங்கும்போதே விற்கும் விலையையும் யோசிக்கத் தகுந்த வீட்டுச் சாமான் பழைய தேக்கு ஒன்றுதான் என்பேன்.

சாப்பாட்டு மேசை விஷயத்தில் கணக்கு வேறு பக்கம் சாய்ந்தது. இடித்த வீட்டுப் பரண் பலகைகள் 14,000-க்குக் கிடைத்தன. அண்ணன் மகளுக்கு ஆசை. ஆசாரி தன் கூலியே போகும் என்று தெரிந்தும் அவளைத் தடுத்தார். ஆணித் துளைகளை ஒதுக்கினால் காலே அரைக்கால் பங்கு சேதாரம்; நாலு நாள் வேலைக்குக் கூலி 4,800; பாலிஷ் 2,500; கூட்டினால் 21,300. “ரெண்டு பேர் சாப்பிட எதுக்கும்மா இவ்வளவு? அடுப்படி ஓரமா மடிச்சு வைக்கிற மேசை ஒண்ணு நான் மூவாயிரத்துல பண்ணித் தர்றேன். ஆள் கூடினப்புறம் பெருசாப் பாப்போம்.” தன் வேலையைத் தானே குறைத்துக்கொண்டு ஒருவர் இப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய மனசு!

மதியத்துக்குமேல் கார் பிடித்து ஆத்தங்குடி போனோம். அங்கே கட்டணம் கொடுத்துப் பார்க்கக்கூடிய பெரிய வீடு ஒன்று இருக்கிறது. இத்தாலியப் பளிங்கு, பர்மா தேக்கில் வண்ணம் தீட்டிய விதானம், முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி வழவழப்பாக்கிய சுவர். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார்கள். நான் அண்ணன் மகளைத் தரையைப் பார்க்கச் சொன்னேன். முகப்பிலும் நடுமுற்றத்தைச் சுற்றிய வளவிலும் எத்தனை சாமான் இருக்கிறது? கப்பலில் மரமும் கண்ணாடியும் கொண்டுவந்து இறக்கிய குடும்பங்கள் தங்கள் தரையைக் காலியாகவே விட்டிருந்தன. திருமணத்துக்குப் பந்தி போட்டதும், மழை நாளில் பிள்ளைகள் ஓடியதும், ஊருக்கு வந்த உறவு பாய் விரித்துப் படுத்ததும் அதே தரையில்தான். சீர்ச் சாமானெல்லாம் அறைக்குள் பூட்டிக் கிடக்கும். தேவைப்படும் நாளில் வெளியே வரும். வேலை முடிந்ததும் உள்ளே போகும்.

இன்னொன்றும் அவளுக்குச் சொன்னேன். நகரத்தார் வீடுகளில் மகனுக்குத் திருமணமாகிக் கொஞ்ச காலத்தில் அவனையும் மருமகளையும் ‘வேறு வைப்பது’ வழக்கம். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே வளவில் அவர்களுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு. பாத்திரமும் அரிசி பருப்பும் கொடுத்து, வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கிவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்தப் பழக வேண்டியது அந்த இளம் தம்பதியின் பொறுப்பு. கோடிக்கணக்கில் வட்டித் தொழில் செய்து, ஐந்தொகை போட்டுக் கணக்கு முடித்த வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் அளந்த தொகையில் தொடங்கினார்கள். பணம் இல்லாமல் இப்படிச் செய்யவில்லை. இருக்கும்போதே அளவைக் கற்றுக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை இதை மிகவும் கவனமாகக் கேட்டார். “அப்போ எங்களுக்கும் முதல் வருஷத்துக்கு ஒரு தொகை, ரெண்டாம் வருஷத்துக்கு ஒரு தொகைன்னு பிரிச்சுக்கலாம் போலிருக்கே அத்தை” என்றார். அந்த நாளின் ஆகச் சிறந்த பேச்சு என்று அதைத்தான் சொல்வேன்.

பக்கத்திலேயே ஓடு செய்யும் பட்டறை. சதுரக் கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணம் கலந்த சிமெண்டைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் பூ நிற்கிறது. மேலே உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை நிரப்பி, மட்டம் செய்து காய வைத்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப் போடுகிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியின் வழவழப்பே ஓட்டின் முகத்தில் இறங்கிவிடுகிறது. கால் படப் பட இன்னும் பளபளப்பேறும்.

வரவேற்பறை முழுக்க இதைப் பதிக்க வேண்டும் என்று அண்ணன் மகளுக்கு ஆசை பொங்கியது. பட்டறையிலிருந்த பெரியவரே அவளை நிறுத்தினார். “ஏற்கெனவே டைல்ஸ் போட்ட வீடுங்களா ஆத்தா? அப்ப இதோட பருமனும் கீழ கலவையும் சேர்ந்தா உங்க கதவு திறக்காதே. உடைச்சுட்டுப் போடணும்னா உடைக்கிற கூலி, அள்ளுற கூலி எல்லாம் இருக்கு.” விற்கத் துடிக்காத மனிதர்களை அன்று இரண்டாவது முறையாகப் பார்த்தேன். கடைசியில் சாமி மாடத்துக்குக் கீழே பதிக்கும் அளவுக்கு மட்டும் எடுத்தோம்.

திரும்பும் வழியில் காரிலேயே பட்டியலைப் புதிதாக எழுதினோம். மாப்பிள்ளை வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். அவருக்கு முதுகைத் தாங்கும் புது நாற்காலி, 14,000. எட்டு மணி நேரம் உட்காரும் நாற்காலியைப் பழைய சாமான் கடையில் தேடக் கூடாது. ‘எல்’ சோபாவும், சமையலறையை மாடுலராக மாற்ற வைத்திருந்த 1,40,000-உம் அப்படியே அடிபட்டன. மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றுக்குக் கதவு மட்டும் போட்டால் போதும் என்று ஆசாரி 22,000 சொன்னார். துணிக்கு அவள் அம்மாவின் இரும்பு பீரோ வருகிறது. இரண்டாவது அறை இந்த வருடம் வெறுமையாகவே இருக்கும். மாமியார் மாமனார் வந்தால் பெரிய அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு இவர்கள் பாயில் படுப்பார்கள். வரவேற்பறைக்கு ஓர் ஊஞ்சல் பலகை வேண்டும் என்று இருவருக்கும் ஒரே விருப்பம். கூரையில் கொக்கி தாங்குமா என்று கட்டிய பொறியாளரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம் என்று ஒத்திவைத்தோம்.

பட்டியலில் 5,000 ரூபாய் ஒன்றை மட்டும் நான் அடிக்க விடவில்லை. எந்தக் காரணமும் சொல்லத் தேவையில்லாமல் அவள் மனசுக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்ள வைத்த பணம் அது. எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்டால் வீடு அலுவலகமாகிவிடும். அதிலிருந்து 1,200 கொடுத்து, மூடியில் சின்னப் பூ செதுக்கிய மர அஞ்சறைப்பெட்டி ஒன்றைக் காலையிலேயே வாங்கியிருந்தாள். உள்ளே வெந்தய வாசம் இன்னும் இருந்தது.

இவற்றோடு பட்டியலில் எஞ்சிய மற்றவற்றையும் கூட்டினால் முதல் வருடத்துக்கு 1,31,000 வந்தது. மீதி 1,19,000-ஐ ஒரு வருட வைப்புநிதியில் போடுவதென்று முடிவாயிற்று. தை மாதம் திருநெல்வேலி போகும்போது பத்தமடையில் இரண்டு கோரைப் பாய், வெயில் காலம் முடிந்தபின் சன்னல்களுக்குத் திரை, அடுத்த தீபாவளிக்குப் புத்தக அலமாரி என்று மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மாதத்தை எழுதினார். ஆசாரி அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, புத்தக அலமாரிக்கு நேரே பேனாவால் ஒரு வட்டம் போட்டார். “இதுக்கு மரம் நான் பாத்து வைக்கிறேன் தம்பி. ஆடியில மழைக்கு முன்னாடி ஒரு எட்டு வாங்க.”